கரையும் புயலும்: ஆண்டுக்கணக்கில் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கரையை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. ஊர்க் கரையைத் தாங்களே அளக்க நினைக்கும் மீனவர் சங்கங்கள், ஊராட்சிகள், கல்லூரி மாணவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறோம்.

போன புயலில் எங்கள் ஊர்க் கரையில் 20 மீட்டர் போய்விட்டது. இனி திரும்பாதா?

பெரும்பாலான இடங்களில் திரும்பும். புயல் அலை கரை மணலைச் சுரண்டினால் அந்த மணல் மொத்தமும் ஆழ்கடலுக்குப் போய்விடுவதில்லை. கொஞ்ச தூரத்தில், சில மீட்டர் ஆழத்தில், கரைக்கு இணையான திட்டாகப் படிகிறது. கரையில் நின்று பார்த்தாலே தெரியும்: அலை இரண்டு இடத்தில் உடையும், வெளியே உடைவது அந்தத் திட்டின்மேல். வாடைக்காலம் ஓய்ந்தபின் வரும் தாழ்ந்த, நீண்ட அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளும். சில வாரத்தில் பாதி வந்துவிடும், மீதிக்கு மாதங்கள் ஆகும்.

திரும்பாத இடங்களுக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் இருக்கும். தெற்கே துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) மணலை மறித்திருக்கும், ஆற்று முகத்துவாரத்தில் மணல் வருவது நின்றிருக்கும், அல்லது கரைக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டைச் சமன்செய்து கட்டடம் வைத்திருப்பார்கள். மேடு என்பது கரையின் சேமிப்பு. அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் அந்த மணலைத்தான் புயல் வரும்போது கரை எடுத்துச் செலவழிக்கிறது.

எந்த வகை என்று அறிய, இந்த டிசம்பரை அடுத்த டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். டிசம்பர் அளவையும் ஏப்ரல் அளவையும் பக்கத்தில் வைத்து "கரை வளர்கிறது" என்று சொல்வதும், ஏப்ரலையும் டிசம்பரையும் வைத்து "கரை அழிகிறது" என்று சொல்வதும் ஒரே தவறு.

எத்தனை ஆண்டு அளந்தால் உறுதியாகச் சொல்லலாம்?

எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பருவத்துக்குப் பருவம் கரை எவ்வளவு ஆடுகிறது என்று அறிய 3 ஆண்டு மாதாந்திர அளவு போதும். கரை நகர்கிறதா என்று சொல்ல 10 ஆண்டாவது வேண்டும், பெரிய புயல் ஒன்றும் அமைதியான சில ஆண்டுகளும் அதற்குள் வர வேண்டும். கடல்மட்டம் உயரும் வேகத்துக்கு 50 ஆண்டு. நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சுழல்வதால் ஏற்றவற்றத்தின் அளவே மெதுவாகக் கூடிக் குறைகிறது. அதில் பாதியை மட்டும் பார்த்தால் இல்லாத போக்கு ஒன்று தெரியும்.

உலகில் இத்துறையின் முன்மாதிரிகளாகச் சொல்லப்படும் இரண்டும் 1970-களில் தொடங்கியவை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே நாராபீன் கடற்கரையை 1976 முதல் மாதந்தோறும் அளக்கிறார்கள், தொடக்க ஆண்டுகளில் இரண்டு கம்பமும் கயிறும்தான் கருவி. அமெரிக்காவில் வட கரோலினாவின் டக் என்ற ஊரில் ராணுவப் பொறியாளர் பிரிவு 1977-ல் அரைக் கிலோமீட்டருக்கும் நீளமான பாலம் ஒன்றைக் கடலுக்குள் கட்டி, அதிலிருந்து அலையையும் கடலடியையும் அளந்து வருகிறது. செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு தொடரும் இன்று உலகம் முழுக்கப் பயன்படுவதற்குக் காரணம் ஒன்றுதான்: நிறுத்தவில்லை.

தமிழ்நாட்டுக் கரை உண்மையில் எவ்வளவு அரிக்கிறது?

சென்னையிலுள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் கள அளவுகளையும் வைத்துக் கணக்கிட்டதில், தமிழ்நாட்டில் ஆராய்ந்த சுமார் 991 கிலோமீட்டரில் 42.7 சதவீதம் அரிப்பு, 23.8 சதவீதம் வளர்ச்சி, மீதி நிலையானது. இந்திய சராசரி அரிப்பு 33.6 சதவீதம்.

இந்த எண்ணை ஊர்க் கூட்டத்தில் சொல்லும்போது கவனம் வேண்டும். "42.7 சதவீதம் அரிப்பு" என்றால் அத்தனை நீளமும் கடலுக்குள் போய்விட்டது என்று பொருளில்லை. ஆண்டுக்கு அரை மீட்டர் பின்வாங்கும் கரையும் 5 மீட்டர் பின்வாங்கும் கரையும் ஒரே கணக்கில்தான் வரும். உங்கள் ஊருக்கு மாநிலச் சராசரியைவிடத் தெற்கே 5 கிலோமீட்டரில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

ஏன் தெற்கே? கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில், ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை, அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்துகிறது. வாடையில் மூன்று நான்கு மாதம் தெற்கே நகர்த்துகிறது. கூட்டிக் கழித்தால் சோழமண்டலக் கரையில் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் வடக்கே போகிறது. குறுக்கே சுவர் வந்தால் தெற்கே சேரும், வடக்கே குறையும். 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கல் கொட்டும் வேலை இன்றும் முடியவில்லை. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரக் கடற்கரையில் மணலே இல்லாமல் போனது. 2018-ல் நீரடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை வைத்தபின் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது.

தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுப்பதற்கு முன் வடக்கே உள்ள அடுத்த ஊரிலும் ஒரு அளவைக் கோடு போட்டு வையுங்கள். உங்களுக்குச் சேரும் மணல் அங்கிருந்து கழியும். பின்னால் வரும் சண்டையில் இரு தரப்புக்கும் உதவுவது அந்தக் கோடுதான்.

செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறதே, அதுவே போதாதா?

நீண்ட காலப் போக்குக்கு அதைவிட மலிவான வழி இல்லை. லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உள்ளன, 1980-களிலிருந்து ஒரு புள்ளிக்கு 30 மீட்டர். 2015-ல் வந்த சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர்.

ஆனால் படத்தில் தெரிவது அந்த நொடியின் நீர்க்கோடு மட்டுமே. கரைச் சரிவு 20-க்கு 1 என்றால், கடல்மட்டம் அரை மீட்டர் கூடியிருந்தாலே நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே தெரியும். சென்னையில் பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1 மீட்டர். வற்றத்தில் எடுத்த 2005 படத்தையும் ஏற்றத்தில் எடுத்த 2020 படத்தையும் ஒப்பிட்டால் 20 மீட்டர் "அரிப்பு" சும்மா கிடைக்கும். படம் எடுத்த நேரத்தின் கடல்மட்டத்தைக் கொண்டு திருத்த வேண்டும், அதற்கு உங்கள் கரையின் சரிவு தெரிந்திருக்க வேண்டும். சரிவை அறியக் கரையில் இறங்கி அளக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று: நவம்பர், டிசம்பரில் மேகம். கரை அதிகம் மாறும் வாரங்களில்தான் படம் கிடைக்காது. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவும், ஆனால் ஈர மணலையும் நுரையையும் பிரித்துப் படிப்பது சிரமம்.

நாங்களே அளக்க முடியுமா? என்ன வேண்டும்?

முடியும். எமெரி என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1961-ல் எழுதிய முறை இன்னும் கைகொடுக்கிறது. இரண்டு கம்பமும் தொடுவானமும் போதும்.

கம்பம் 1.5 மீட்டர். அலுமினியச் சதுரக் குழாய் நல்லது, மூங்கில் வளையும். உச்சியைச் சுழியாக வைத்து, மேலிருந்து கீழாகச் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். இதைத் தலைகீழாகப் போடுபவர்கள் அதிகம், அதனால் இன்னொரு முறை: சுழி மேலே. அடியில் உள்ளங்கை அளவு தட்டு ஒன்றைப் பொருத்துங்கள், இல்லையென்றால் ஈர மணலில் 2, 3 சென்டிமீட்டர் இறங்கும். இரண்டு கம்பத்துக்கும் இடைவெளி 2 மீட்டர். இதற்கு நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். மெல்லிய மரச்சட்டமோ சங்கிலியோ வையுங்கள்.

கரைக்குப் பின்னால் அசையாத இடம் ஒன்றை அளவைக் கல்லாகக் கொள்ளுங்கள். கோயில் படி, தேவாலயத் திண்ணை, ரேஷன் கடை அடித்தளம் எல்லாம் சரி. மின்கம்பம் சாயும், மாற்றுவார்கள். கொட்டிய கற்கள் ஒவ்வொரு பருவத்திலும் இறங்கும். அளவைக் கல்லிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் கோட்டின் திசையைத் திசைகாட்டியில் பாகையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டால் கோடு விலகாது.

வேலை இப்படி. ஒருவர் கரைப்பக்கக் கம்பத்தோடு அளவைக் கல்லில் நிற்கிறார், மற்றவர் 2 மீட்டர் கடல்பக்கம். தரை கடலை நோக்கி இறங்கினால், பின்னால் நிற்பவர் கண்ணைத் தாழ்த்தி, முன்கம்பத்தின் உச்சியும் தொடுவானமும் ஒன்றாகத் தெரியும் இடத்தைத் தன் கம்பத்தில் படிக்க வேண்டும். அந்த எண்தான் இறக்கம். தரை ஏறினால், தன் கம்பத்தின் உச்சியோடு கண்ணை வைத்து, தொடுவானம் முன்கம்பத்தை வெட்டும் இடத்தைப் படிக்க வேண்டும். அது ஏற்றம். பிறகு முன்கம்பம் இருந்த அதே குழியில் பின்கம்பம் வர வேண்டும். இப்படி முழங்கால் ஆழம் வரை.

அளவைக் கல்லின் உயரம் 4.20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடியில் 6 சென்டிமீட்டர் இறக்கம்: 4.14. அடுத்ததில் 3 ஏற்றம்: 4.17. அதற்கடுத்ததில் 22 இறக்கம்: 3.95. படிப்பவர் உரக்கச் சொல்ல, எழுதுபவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அலை இரைச்சலில் ஏழும் எட்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

மாதம் ஒருமுறை, பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய வற்றத்தில் அளந்தால் கரை அதிகம் வெளியே தெரியும்.

இதில் எங்கே தவறு வரும்?

ஒவ்வொரு அடியிலும் 1 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ படிப்பதால் பெரிய கெடுதல் இல்லை, அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கழியாத தவறுகள்தான் ஆபத்து. கம்பத்தை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பது அதில் முதலாவது. ஐம்பது ரூபாய் நீர்மட்டக் குமிழி ஒன்றைக் கம்பத்தில் கட்டிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, தொடுவானம். அது கண்ணுக்கு நேர்மட்டத்தில் இல்லை, சற்றுக் கீழே இருக்கிறது. கடலிலிருந்து 4, 5 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் 100 மீட்டர் கோட்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை சேரும், கரை உள்ளதைவிடத் தட்டையாகத் தெரியும். எப்போதும் அதே முறையில் அளந்தால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதில் இது பெரிதாகப் பாதிக்காது. இடையில் வேறு கருவிக்கு மாறினால் பாதிக்கும்.

பாக் நீரிணையில் எதிரே தீவோ கரையோ தெரியும் இடங்களிலும், மூடுபனியிலும் இந்த முறை ஆகாது. அங்கே கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலே போதும்: தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையையும் இரண்டு கம்பத்தில் பிடித்து நீர்மட்டத்தைப் படிக்க வேண்டியதுதான். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் எல்லா எண்ணும் பொய்.

மூன்றாவது, ஒரே ஒரு கோடு. கரை நேராக இருப்பதில்லை, அலை அதை வளைவு வளைவாகச் செதுக்கி வைக்கிறது. இன்று மேட்டில் விழும் கோடு அடுத்த மாதம் பள்ளத்தில் விழும், கரையின் மொத்த மணல் மாறியிருக்காது. அரைக் கிலோமீட்டர் கரைக்கு மூன்று கோடாவது போடுங்கள்.

இந்த எண்களை மணல் அளவாக மாற்றுவது எப்படி?

இரண்டு மாத வரைவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். நடுவில் உள்ள பரப்புதான் ஒரு மீட்டர் கரைக்கு இழந்த அல்லது சேர்ந்த மணல். 40 மீட்டர் அகலத்தில் சராசரியாக 30 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மீட்டருக்கு 12 கன மீட்டர். 500 மீட்டர் கரை முழுக்க அப்படித்தான் என்றால் 6,000 கன மீட்டர், லாரிக் கணக்கில் 2,100 யூனிட்டுக்கு மேல். அதிகாரிகளிடம் பேசும்போது யூனிட்டில் சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

அளவைக் கல்லின் உயரத்தில் 2 சென்டிமீட்டர் தவறு இருந்தால் 100 மீட்டர் கோட்டில் மீட்டருக்கு 2 கன மீட்டர் பொய்யாகக் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்லூரியில் ஆர்டிகே ஜிபிஎஸ் (சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமான ஜிபிஎஸ்) இருக்கிறது. அதில் கரையின் உயரம் மைனஸ் 80-க்கும் கீழே காட்டுகிறது. கருவி பழுதா?

பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை, பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் பொருத்திய நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையைச் சுற்றியும் ஈர்ப்புவிசை குறைவு, கடல்மட்டமே அந்தக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. உலகிலேயே ஆழமான இத்தகைய பள்ளம் இந்தியப் பெருங்கடலில், நம் தெற்கே இருக்கிறது. கருவியில் ஜியாய்டு மாதிரி (கடல்மட்டம் அந்தக் கோளத்திலிருந்து எங்கே எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கு) ஒன்றை ஏற்றினால் எண் சரியாகிவிடும். எந்த மாதிரி என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் வேறொன்றை ஏற்றினால் கரை ஒரே இரவில் உயரும் அல்லது இறங்கும்.

ஆர்டிகே-யில் நேரும் மற்ற தவறு, கம்பத்தின் உயரம். 2.00 மீட்டரில் வைத்துவிட்டு 1.80 என்று பதிவது சாதாரணமாக நடக்கிறது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளவைக் கல்லின்மேல் ஒரு புள்ளி எடுத்தால் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளக்கும் டைட் கேஜ் எப்படி வேலை செய்கிறது?

பழைய வகையில் நிமிர்ந்த குழாய் ஒன்று, அடியில் சிறு துளை, உள்ளே மிதவை. துளை சிறிதென்பதால் அலையின் ஆட்டம் உள்ளே வராது, ஏற்றவற்றம் மட்டும் வரும். கொட்டலசு என்கிற, நண்டு இனத்தைச் சேர்ந்த ஓட்டுயிர் துளையை அடைத்தால் உள்நீர் பின்தங்கும், ஏற்றத்தின் உச்சி தாழ்ந்தும் தாமதமாகவும் தெரியும். புதிய வகை ரேடார்: மேலிருந்து நீர்ப்பரப்புக்குத் துடிப்பு அனுப்பித் தூரத்தை அளக்கிறது. நீரில் நனையாது, பாசி பிடிக்காது. ஆனால் கீழே படகு நின்றால் படகின் உயரத்தைக் கடல்மட்டம் என்று எழுதிவிடும். அழுத்தமானி வகை கடலடியில் இருக்கும், அதற்குக் காற்றழுத்தத்தைக் கழிக்க வேண்டும்.

எந்த வகையானாலும், கருவி இருக்கும் மேடையை அருகிலுள்ள நிலையான கற்களோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது மட்டம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பூமிப் பெருங்கடல்களின் மட்டம் 1993 முதல் செயற்கைக்கோள் அளவில் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்கிறது. துறைமுக மேடை ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அதே எண் வரும், எது எதுவென்று பிரிக்க முடியாது.

மும்பையில் கடல்மட்டப் பதிவுத் தொடர் 1878-ல் தொடங்குகிறது. சென்னைத் தொடர் 1916-ல் தொடங்கினாலும் நடுவே பல ஆண்டுகள் வெற்றிடம். கருவி சுமாராக இருந்திருந்தால் பின்னால் திருத்தியிருக்கலாம், எழுதாத ஆண்டை யாராலும் எழுத முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் புயலே இல்லாமல் கடல் ஏறி நிற்கிறதே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சோழமண்டலக் கரையில் அக்டோபர், நவம்பரில் கடல்மட்டம் ஆண்டின் தாழ்ந்த மாதங்களைவிட 20, 30 சென்டிமீட்டர் உயர்ந்தே இருக்கும். வங்கக்கடலின் நீரோட்டம் திரும்புவதும் ஆற்றுநீர் கலந்து கடல்நீர் லேசாவதும் முக்கியக் காரணங்கள். புயல் பருவமும் அதே மாதங்கள் என்பதுதான் நம் கெட்ட நேரம்.

"4 மீட்டர் அலை" என்று அறிவிக்கிறார்கள். 4 மீட்டருக்கு மேல் வராதா?

வரும். அறிவிக்கப்படுவது, அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்தில் அதைப்போல 1.8 முதல் 2 மடங்கு வரை தனி அலை ஒன்று எழுவது இயல்பு. 4 மீட்டர் என்றால் 7, 8 மீட்டர் அலை ஒன்று வரும் என்றே வைத்துக்கொண்டு படகைப் பற்றி முடிவெடுங்கள்.

இதை அளப்பது மஞ்சள் நிற உருண்டை மிதவை, ஒரு மீட்டருக்கும் குறைவான விட்டம். உள்ளே உள்ள முடுக்கமானி மேலும் கீழும் ஆடுவதை நொடிக்கு ஒருமுறைக்கு மேல் பதிந்து, அரை மணிக்கு ஒரு கணக்காக அனுப்பும். மிதவை அலையோடு தாராளமாக ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக நங்கூரக் கயிற்றில் நீளும் ரப்பர் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் படகைக் கட்டினால் ரப்பர் அறுந்துவிடும். மிதவைக்கு அடியில் மீன் கூடும் என்பதால் அங்கே வலை விடும் ஆசை எல்லோருக்கும் வரும். புயலுக்கு இரண்டு நாள் முன் அறுந்துபோன மிதவையால் அந்தப் புயலின் அலைப்பதிவே இல்லாமல் போகும், அடுத்த புயலின் கணிப்பும் அந்த அளவுக்குப் பலவீனமாகும்.

ஒரே புயலுக்கு ஒரு செய்தியில் காற்று மணிக்கு 110 கிலோமீட்டர், இன்னொன்றில் 130. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கக் கடற்படை மையம் 1 நிமிடச் சராசரியை, ஜப்பான் 10 நிமிடத்தை. ஒரே காற்றுக்கு 1 நிமிட எண் 10 நிமிட எண்ணைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அதிகம். அதற்கு மேல், சில நொடி வீசும் சூறைக்காற்றைச் சிலர் தலைப்பாக்குகிறார்கள். ஒப்பிடும்போது ஒரே மையத்தின் எண்களை மட்டும் எடுங்கள்.

இந்தியக் கணக்கில் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-லிருந்து புயல், 89-லிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரம், 166-லிருந்து அதிதீவிரம், 221-லிருந்து சூப்பர் புயல்.

துறைமுகக் கூண்டு எண்ணும் புயலின் வலிமையும் ஒன்றா?

இல்லை. 1, 2 தூரத்து எச்சரிக்கை. 3, 4 துறைமுகத்துக்கான உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான், துறைமுகம் புயல் பாதைக்கு இடமா, வலமா, நேர் கீழா என்பது மட்டும் மாறும். 8, 9, 10 அதே மூன்று, கடும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தது. 7 வந்தவுடன் "5-ஐவிடப் பயங்கரம்" என்று பரப்ப வேண்டாம்.

புயல்கள் அதிகமாகிவிட்டனவா? பழைய பதிவுகளை நம்பலாமா?

இந்திய வானிலைத் துறையின் புயல் பாதை வரைபடத் தொகுப்பு 1891-லிருந்து உள்ளது. கரையைக் கடந்த புயல்களுக்கு அது நல்ல ஆதாரம். நடுக்கடலிலேயே வலுவிழந்தவற்றுக்கு அப்படி இல்லை: 1960-களில் செயற்கைக்கோள் வரும்வரை, கப்பல் எதிர்ப்பட்டால்தான் பதிவு. மேகத்தின் வடிவத்தைப் பார்த்து வேகத்தை மதிப்பிடும் துவோராக் முறை 1970-களில் வந்தது. அதற்கு முந்திய வலிமை எண்களைப் பிந்தியவற்றோடு நேராக ஒப்பிட்டு வரைபடம் போடுவது சரியல்ல. எண்ணிக்கையைவிட, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற ஒற்றைப் புயல்களில் நீர் எதுவரை ஏறியது என்ற தடங்கள் கரை அமைப்புக்கு அதிகம் பயன்படும். உங்கள் ஊரில் தானே, வர்தா, கஜா, ஃபெஞ்சல் வந்தபோது நீர் நின்ற சுவர்க்கறை இருந்தால், தேதியோடு படமெடுத்து அளவைக் கல்லோடு மட்டம் பாருங்கள்.

புயல் வரும்போது கடல் உள்வாங்குகிறது. சுனாமியா?

இல்லை. நம் பகுதியில் புயல்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கு நோக்கிய நேரான கரையைப் புயல் கடக்கும்போது, கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசி நீரை ஏற்றும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கு வீசி நீரை இறக்கும். உள்வாங்கினால் புயல் உங்களுக்கு வடக்கே போகிறது என்று பொருள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும், ஆக அழுத்தம் 50 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலும் அதனால் மட்டும் அரை மீட்டர்தான் வரும். மீதி எல்லாம் காற்று தள்ளுவது, அது ஆழம் குறைந்த கடலில்தான் உயரமாகக் குவியும். பாக் விரிகுடாவில் பயம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

காற்றே இல்லாத வெயில் நாளில் கன்னியாகுமரிப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தால் அது கள்ளக்கடல். தென்கடலில் எங்கோ தொலைவில் எழுந்த நீண்ட அலை சில நாள் பயணித்து இங்கே வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்குத் தனியாக எச்சரிக்கை தருகிறது.

புயலுக்கு முன்னும் பின்னும் எப்போது அளக்க வேண்டும்?

முன்னால், 2, 3 நாள் இருக்கும்போதே. கூண்டு ஏறியபின் கரைக்குப் போக வேண்டாம். பின்னால், கடல் அடங்கிய முதல் வற்றத்தில். ஒரு வாரம் தாமதித்தால் கரை தேறத் தொடங்கிவிடும், இழப்பு குறைவாகத் தெரியும். அதன்பின் ஒரு மாதம் வாரம் ஒருமுறை. இடிந்து நிற்கும் மணற்செங்குத்தின் விளிம்பில் கம்பம் வைக்காதீர்கள், அடியில் வெற்றிடம் இருக்கும்.

பதிவுகளை எப்படி வைப்பது?

பென்சிலில், நனையாத நோட்டில், அன்றே கணினியில். நேரம் இந்திய நேரமா கிரீன்விச் நேரமா என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதுங்கள். மிதவைத் தரவு கிரீன்விச் நேரத்திலும் ஏற்ற அட்டவணை இந்திய நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும், அதாவது கிட்டத்தட்ட ஏற்றம் வற்றமாகும். அளக்காத இடத்தில் சுழி போடாதீர்கள், காலியாக விடுங்கள். கணினிக்குச் சுழியும் ஓர் உயரம்தான்.

அளவைக் கல்லே கடலில் போய்விட்டால்?

அதற்காகத்தான் முதல் நாளே மூன்று கல் வேண்டும்: கரையோரம் ஒன்று, 100 மீட்டர் உள்ளே ஒன்று, ஊருக்குள் ஒன்று. மூன்றுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். முன்கல் போனால் இரண்டாவதிலிருந்து அதே திசையில் கோட்டைத் தொடங்கி, புதிய தொடக்கத் தூரத்தைக் கழித்துக்கொண்டால் தொடர் அறுபடாது. கல் போன தேதியையும், மாற்றிய தேதியையும், மாற்றியவர் பயன்படுத்திய உயரத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பழைய உயரத்தை அடிக்காமல் விடுங்கள்.